பொத்தான் ஒலிவாங்கியின் மில்லிவோல்ட்டுக் கணக்கு

தமிழகத்தை விட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் நாகபுரியிலும் வாழும் நம் குடும்பங்களில் இக்காலத்தில் ஓர் ஆசை பரவலாகக் காணப்படுகிறது. ஊரிலிருந்து வந்து சில மாதங்கள் தங்கிச் செல்லும் பாட்டியின் தாலாட்டையும் நலங்குப் பாட்டையும், தாத்தா சொல்லும் குடும்பக் கதைகளையும் ஒலிப்பதிவு செய்து வைத்துவிட வேண்டும் என்பதே அது. மிகவும் நியாயமான ஆசை. பேரக் குழந்தை பள்ளியில் ஹிந்தியும் ஆங்கிலமும் பேசி வளர்கிறது. பாட்டியின் வாயில் வழங்கும் தஞ்சாவூர்த் தமிழையோ திருநெல்வேலித் தமிழையோ அது வேறெங்கும் அவ்வளவு நெருக்கமாகக் கேட்கப் போவதில்லை. பாட்டியும் அதே பாட்டை அடுத்த ஆண்டு வந்து பாடுவார் என்று உறுதி கூற இயலாது.

ஆயினும், பதிவு செய்ததைத் திருப்பிக் கேட்கும்போது பல வீடுகளில் ஏமாற்றமே மிஞ்சுகிறது. பாட்டியின் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. மின்விசிறியின் இரைச்சலோ காதருகே கேட்கிறது. இல்லையேல், குரல் உயரும் இடங்களிலெல்லாம் ஒலி கிழிந்து கரகரக்கிறது. உடனே பழி ஒலிவாங்கியின் தலையில் விழுகிறது. 'மைக் மட்டம்' என்று தீர்ப்புக் கூறி, அதைவிட விலை கூடிய ஒன்றை வாங்குகிறார்கள். அதிலும் அதே இரைச்சல் கேட்கிறது. குறை பெரும்பாலும் மைக்கில் இல்லை. அந்தச் சிறு கருவி எவ்வளவு மின்னழுத்தத்தைத் தரும், அதில் குரலின் பங்கு எவ்வளவு, இரைச்சலின் பங்கு எவ்வளவு என்று முன்கூட்டியே கணக்கிட்டுப் பாராததே குறை.

இக்கணக்கை ஒரு தாளில் ஐந்து நிமிடத்தில் போட்டுவிடலாம் என்பதையே இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். பொறியியல் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. இதை எழுதும் நாமும் கலைப் பட்டதாரியே. பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு மேல் இதில் எதுவும் நமக்குத் தேவைப்படவில்லை.

முதலில் கருவியைப் பார்ப்போம். சட்டையில் குத்திக்கொள்ளும் காலர் மைக், காதில் மாட்டும் ஹெட்போனோடு இணைந்த மைக், குழந்தைகளின் பேசும் பொம்மை ஆகியவற்றைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே பொத்தான் போன்ற ஓர் உலோக வில்லை இருக்கும். அதன் குறுக்களவு 6 மில்லிமீட்டரோ, ஏறக்குறைய 10 மில்லிமீட்டரோ இருக்கும். ஒரு முகத்தில் மெல்லிய கறுப்புத் துணி ஒட்டியிருக்கும். மறுமுகத்தில் இரண்டு மின்னிணைப்புப் புள்ளிகள் தெரியும். இதற்கு 'எலெக்ட்ரெட் மைக்ரோபோன்' என்று பெயர். ஆனால் தில்லியில் செங்கோட்டைக்கு எதிரேயுள்ள லஜபதி ராய் சந்தையிலோ, மும்பையின் லாமிங்டன் சாலையிலோ, பெங்களூரின் எஸ்.பி. சாலையிலோ இப்பெயரைச் சொல்வதைவிட 'கண்டென்ஸர் மைக்' என்று கேட்பதே உசிதம். கடைக்காரர் உடனே எடுத்துக் கொடுத்துவிடுவார். விலையும் அற்பமே. இன்றைய கைப்பேசிகளின் உள்ளே பெரும்பாலும் சிலிக்கனில் செய்த வேறு வகை மைக் இடம்பெற்றுவிட்டது. எனினும், வெளியிலிருந்து மாட்டிக்கொள்ளும் சிறு மைக்குகளில் எலெக்ட்ரெட்டின் ஆட்சி இன்னும் முடியவில்லை.

கண்டென்ஸர் மைக் என்னும் கருத்து பழையது. 1916-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் வென்டி என்பவர் அதை உருவாக்கினார். இரண்டு உலோகத் தகடுகள் மிக நெருங்கி நிற்கின்றன, ஒன்று மெல்லியது, ஒலி பட்டால் அதிர்வது, மற்றது அசையாதது. இரண்டுக்கும் இடையே மின்னேற்றம் நிலைபெற்றிருக்குமானால், தகடு அசையும்போதெல்லாம் அவற்றின் இடையேயுள்ள மின்னழுத்தமும் அசைகிறது. ஒலியின் வடிவமே மின்சாரத்தின் வடிவமாகிறது. ஆனால் அந்த மின்னேற்றத்தை நிலைநிறுத்த வெளியிலிருந்து உயர்ந்த மின்னழுத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆகையால் அக்கருவி நிலையங்களின் சொத்தாகவே இருந்தது, வீடுகளுக்கு வரவில்லை.

இரும்பு நிரந்தரக் காந்தமாவதுபோல ஒரு பொருள் நிரந்தரமாக மின்னேற்றம் பெற்றிருக்கக் கூடுமா என்னும் வினா பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுந்தது. அத்தகைய பொருளுக்கு எலெக்ட்ரெட் என்று பெயரிட்டவர் ஆங்கில விஞ்ஞானி ஆலிவர் ஹெவிஸைட். மெழுகை உருக்கி, மின்புலத்தில் வைத்து உறையச் செய்து, அதை மெய்யாகச் செய்து காட்டியவர் ஜப்பானியரான எகுச்சி. மெழுகுக் கட்டி ஆராய்ச்சிக்கு உதவிற்றேயன்றி மைக்குக்கு ஏற்றதாக இல்லை. 1962-இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் கெர்ஹார்ட் செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ட் என்னும் இருவர், மெல்லிய டெஃப்ளான் படலத்தில் மின்னேற்றத்தைப் பதித்து, அதையே அதிரும் தகடாக்கினார்கள். படலத்தில் பதிந்த மின்னேற்றம் ஆண்டுக்கணக்கில் குறையாமல் நிற்கிறது. நிலையத்தின் சொத்து சட்டைக் காலருக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான்.

இங்கே ஓர் ஐயம் எழும். மின்னேற்றம் நிரந்தரமானால், இந்த மைக்குக்கு எதற்காகப் பாட்டரி? பாட்டரி படலத்துக்காக அன்று. படலம் தரும் மின்னசைவு மிக நலிந்தது. ஒரு கம்பியின் நீளத்தைக் கடப்பதற்குள் மறைந்துவிடக்கூடியது. அதனைக் கைகொடுத்து வெளியே அழைத்துவர, உலோக வில்லைக்குள்ளேயே ஒரு சிறு டிரான்ஸிஸ்டர் அமர்ந்திருக்கிறது. பாட்டரி அதற்குத் தீனி. 1.5 வோல்ட்டுக்கும் 10 வோல்ட்டுக்கும் இடையே ஏதேனும் ஒன்று பெரும்பாலான மைக்குகளுக்குப் போதும். உட்கொள்ளும் மின்னோட்டம் அரை மில்லி ஆம்பியரைத் தாண்டுவது அரிது. கைப்பேசி, கணினி ஆகியவற்றின் மைக் துளையிலேயே இந்தத் தீனி வந்துகொண்டிருப்பதால் நாம் அதை உணர்வதில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். மைக்கின் விவரத்தாளை நோக்கினால் 'சென்ஸிடிவிட்டி', அதாவது உணர்திறன், என்ற தலைப்பில் 'மைனஸ் 44 டெஸிபெல்' என்பதைப் போன்ற ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். இந்த மைனஸ் குறியே பலரை மிரட்டி விரட்டிவிடுகிறது. கடனைக் குறிப்பதுபோல் தோன்றும் இக்குறியின் பொருள் எளியது. ஒரு வோல்ட்டை நூற்றுக்கு நூறு என்று வைத்தால், இந்த மைக் அதற்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்பதே அது. ஆகவே மைனஸ் 38 என்று போட்டிருக்கும் மைக், மைனஸ் 44 என்று போட்டிருப்பதைக் காட்டிலும் வலுவானது. பெரிய எண் பெரிய மைக் என்று எண்ணி மைனஸ் 46-ஐ விரும்பி வாங்குவோர் உண்டு. அவர்கள் தேடியதற்கு நேர்மாறானதைப் பெறுகிறார்கள்.

டெஸிபெல் என்பது பெருக்கலைக் கூட்டலாக மாற்றிக்கொள்ளும் ஓர் உபாயம். அதைப் பற்றி இரண்டு விதிகளை மனத்தில் இருத்தினால் போதும். மின்னழுத்தம் இரு மடங்கானால் 6 டெஸிபெல் கூடும். பத்து மடங்கானால் 20 டெஸிபெல் கூடும். குறைவதற்கும் அவ்வாறே. மைனஸ் 44-ஐ இவ்விதிகளால் அவிழ்த்துப் பார்ப்போம். ஒரு வோல்ட்டிலிருந்து 20 டெஸிபெல் இறங்கினால் 100 மில்லிவோல்ட். மேலும் 20 இறங்கி மைனஸ் 40-க்கு வந்தால் 10 மில்லிவோல்ட். மேலும் 6 இறங்கி மைனஸ் 46-க்கு வந்தால் 5 மில்லிவோல்ட். மைனஸ் 44 இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. நுட்பமாகக் கணக்கிட்டால் 6.3 மில்லிவோல்ட். மைனஸ் 38 அதைவிட 6 டெஸிபெல் மேலே இருப்பதால் 12.6 மில்லிவோல்ட்.

இந்த 6.3 மில்லிவோல்ட் எந்த ஒலிக்கு? ஒரு பாஸ்கல் ஒலியழுத்தத்துக்கு. ஒலி என்பது காற்றழுத்தத்தின் நடுக்கமே; அழுத்தத்தை அளக்கும் அலகு பாஸ்கல். நம்மைச் சூழ்ந்த வளிமண்டலத்தின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு லட்சம் பாஸ்கல். அதன்மீது ஒரு பாஸ்கல் அளவுக்கு நடுக்கம் எழுந்தாலே அது காதை உறுத்தும் பேரொலி. ஒலியளவில் அதற்கு 94 டெஸிபெல் என்று கணக்கு. மைக் விற்போர் 1,000 ஹெர்ட்ஸ் சுருதியில் இந்த 94 டெஸிபெல் ஒலியை எழுப்பி, வரும் மின்னழுத்தத்தை அளந்தே விவரத்தாளில் எழுதுகிறார்கள். ஆனால் நம் பாட்டி 94 டெஸிபெலில் பேசுவதில்லை. இயல்பாகப் பேசும் ஒருவரின் குரல் ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 60 டெஸிபெல். அது எத்தனை பாஸ்கல்? அதே இரு விதிகள் இங்கும் பயன்படும். 94 டெஸிபெல் ஒரு பாஸ்கல். 74 பத்தில் ஒன்று. 54 நூற்றில் ஒன்று. அதற்கு மேல் 6 ஏறினால் இரு மடங்கு. ஆக 60 டெஸிபெல் என்பது 0.02 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் ஐம்பது லட்சத்தில் ஒரு பங்கு! காதின் திறமையையும், அந்தச் சின்னஞ்சிறு படலத்தின் திறமையையும் எண்ணி ஒரு கணம் வியக்கத்தான் வேண்டும்.

இப்போது பெருக்கிவிடலாம். பாஸ்கலுக்கு 6.3 மில்லிவோல்ட் என்றால், 0.02 பாஸ்கலுக்கு 0.126 மில்லிவோல்ட். அதாவது 126 மைக்ரோவோல்ட். பேனாப் பாட்டரி ஒன்றின் மின்னழுத்தத்தில் இது பன்னீராயிரத்தில் ஒரு பங்குக்குச் சமம். ஒரு மீட்டர் தள்ளி மேஜைமேல் வைத்த மைக்கிலிருந்து நாம் எதிர்பார்க்கக்கூடியது இவ்வளவே.

தூரம் குறைந்தால் என்ன ஆகும் என்பதே நம் விஷயத்தின் உயிர்நிலை. ஒலி பரவிச் செல்லும்போது, தூரம் பாதியானால் அழுத்தம் இரு மடங்காகும். அதாவது 6 டெஸிபெல் கூடும். இதற்கு நம் முன்னோரின் கையளவுகளே வசதியாக அமைகின்றன. ஒரு சாண் ஏறக்குறைய 22 அல்லது 23 சென்டிமீட்டர். இரு சாண் ஒரு முழம். இரு முழம் ஏறக்குறைய ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. (சாணும் முழமும் இங்கே பழமொழிக்காக வரவில்லை, அளவுக்காகவே வருகின்றன.) இரு முழத்தில் 60 டெஸிபெல் என்று கொண்டால், ஒரு முழத்தில் 66, ஒரு சாணில் 72, அரைச் சாணில் 78. மில்லிவோல்ட்டில் சொன்னால், இரு முழத்தில் எட்டில் ஒன்று. ஒரு முழத்தில் கால். ஒரு சாணில் அரை. அரைச் சாணில் ஒன்று. மைனஸ் 44 மைக்கை அரைச் சாண் தூரத்தில் வைத்து இயல்பாகப் பேசினால் ஒரு மில்லிவோல்ட் என்பதை மட்டும் நினைவில் வைத்தால், மற்றவற்றை விரல்விட்டு எண்ணிக்கொள்ளலாம்.

இனி இரைச்சலின் பங்கை எடைபோடுவோம். இரைச்சல் இருவகைப்படும். ஒன்று மைக்குக்குள்ளேயே பிறப்பது. விவரத்தாளில் ஒலிக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் 58 டெஸிபெல் என்பதுபோல் குறிக்கப்பட்டிருக்கும். 94-இலிருந்து 58-ஐக் கழித்தால் 36. அதாவது, வெளியே முழு நிசப்தம் நிலவினாலும், 36 டெஸிபெல் அளவில் ஒரு சீறல் இருப்பதுபோல மைக் நடந்துகொள்கிறது. மின்னழுத்தத்தில் இது சுமார் 8 மைக்ரோவோல்ட். மற்றது அறையின் இரைச்சல். மே மாதத்துத் தில்லியில் மின்விசிறி சுழலும் ஓர் அறையில் 52 டெஸிபெல் இரைச்சல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கூலரும் ஓடினால் இன்னும் அதிகம். இந்த 52 டெஸிபெல் 0.008 பாஸ்கல், மின்னழுத்தத்தில் 50 மைக்ரோவோல்ட்.

மைக்கின் சொந்தச் சீறல் 8, மின்விசிறி 50, இரு முழத்தில் பாட்டியின் குரல் 126. இம்மூன்று எண்களையும் அருகருகே எழுதிப் பார்த்தால் வீட்டுப் பதிவுகளின் நோய் தெரிந்துவிடுகிறது. குரல் மின்விசிறியைப்போல் இரண்டரை மடங்குதான். மைக்கை அரைச் சாணுக்குக் கொண்டுவந்தால் மின்விசிறி அதே 50-இல் நிற்க, குரல் மட்டும் 1,000 மைக்ரோவோல்ட்டாக உயர்கிறது, இருபது மடங்கு. மாறாக, இரு முழத்திலேயே மைக்கை வைத்துக்கொண்டு, சீறல் பாதியாக உள்ள உயர்ந்த மைக்கை வாங்கினால், 8 என்பது 4 ஆகும். 50-க்கும் 126-க்கும் உள்ள விகிதத்தில் அணுவளவும் மாறுதல் இராது. மின்விசிறியை அணைத்துவிட்டு அமைதியான அறையில் அமர்ந்தாலன்றி, சீறல் குறைந்த மைக்குக்காகச் செலவழிப்பது வீண் என்பது நம் கருத்து. கைப்பணத்தை மிச்சப்படுத்தும் கணக்கு இது.

'ஒலியைப் பிறகு பெருக்கிக்கொண்டால் ஆகாதா?' என்று கேட்கலாம். பெருக்கும் கருவிக்குப் பாட்டியையும் மின்விசிறியையும் வேறுபடுத்தத் தெரியாது. இரண்டையும் ஒரே மடங்காகப் பெருக்கும். கைப்பேசிகளில் உள்ள தானியங்கிப் பெருக்கமோ இன்னும் ஒரு படி விஷமமானது. குரல் ஒலிக்கும்போது அடங்கி நிற்கும். பாட்டி அடுத்த அடியை நினைவுகூர்வதற்காக நிறுத்தும்போது, 'ஒலி குறைந்துவிட்டதே' என்று பெருக்கத்தை ஏற்றும். அப்போது மின்விசிறி பொங்கி வரும். பாட்டின் ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரு சூறாவளி வீசி அடங்குவதை இத்தகைய பதிவுகளில் கேட்கலாம். கருவியில் அந்த வசதியை நிறுத்திவைக்க வழி இருந்தால் நிறுத்திவைப்பது நலம்.

அறைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தூரம் இரு மடங்கானால் அழுத்தம் பாதி என்ற விதி திறந்த வெளிக்கு முற்றிலும் பொருந்தும். நான்கு சுவர்களுக்குள் ஓரளவு தூரம் சென்றபின் ஒலி அவ்வளவாகக் குறைவதில்லை. ஆனால் குறையாமல் நிற்பது சுவரிலும் தளக்கல்லிலும் பட்டுத் திரும்பிய எதிரொலியே. சொற்களின் தெளிவு அதில் இராது. எனவே அறைக்குள் தூரம் சென்றால் மில்லிவோல்ட் கணக்கு சற்றுத் தாராளமாகத் தோன்றினாலும், அந்தத் தாராளத்தால் பயனில்லை.

இதுவரை சராசரியைப் பற்றியே பேசினோம். பேச்சு சீரான நீரோட்டமன்று. 'க', 'ப', 'ட' போன்ற எழுத்துகள் வெடிக்கும் கணங்களில் மின்னழுத்தம் சராசரியைப்போல் நான்கு மடங்குக்கும் மேல் எழும்பும். அரைச் சாணில் சராசரி ஒரு மில்லிவோல்ட் என்றால், உச்சம் நான்கு மில்லிவோல்ட் என்று கொள்ள வேண்டும். பாட்டி வாய்விட்டுச் சிரித்தாலோ மேல்ஸ்தாயியில் பாடினாலோ அதுவும் இரட்டிக்கும். ஒலிப்பதிவுக் கருவியோ, பெருக்கப் பெட்டியோ, ஒரு வரம்புக்கு மேல் வருவதை வெட்டிவிடுகிறது. கரகரப்பு அந்த வெட்டின் ஓசைதான். வெட்டுண்டதைப் பிறகு எந்த வித்தையாலும் முழுமையாக மீட்க முடியாது.

ஆகவே, எத்தனை மடங்கு பெருக்குவது என்னும் கேள்விக்கு உச்சத்திலிருந்து பின்னோக்கி விடை காண வேண்டும். ஓர் உதாரணம் கொள்வோம். நம் கருவி ஒரு வோல்ட் உச்சம் வரை தாங்கும். இயல்பான பேச்சின் உச்சம் 4 மில்லிவோல்ட். அதை ஒரு வோல்ட்டாக்க 250 மடங்கு பெருக்கலாம் என்று தோன்றும். ஆனால் சிரிப்பு ஒன்று வந்தால் 8 மில்லிவோல்ட். அது 2 வோல்ட்டாகி வெட்டுண்ணும். 100 மடங்கோடு, அதாவது 40 டெஸிபெலோடு நிறுத்திக்கொண்டால், பேச்சின் உச்சம் 0.4 வோல்ட், சிரிப்பு 0.8 வோல்ட், இரண்டும் வரம்புக்குள் அடங்கும். வீட்டுப் பதிவுக்கு இந்த நூறு மடங்கே தக்கது என்பது நம் அபிப்பிராயம். கருவியில் வோல்ட் காட்டப்படாமல் ஒளிக்கோடு மட்டுமே ஏறி இறங்குமானால், இயல்பான பேச்சில் அது உச்சிக்குப் பாதி உயரத்தைத் தொட்டுவரும்படி வைத்துக்கொள்வது இதே கணக்கின் வேறு வடிவம்.

மண்டபங்களுக்கு வேறு கணக்கு. சங்க விழாவில் நாதஸ்வரம் முழங்கும்போது அருகில் ஒலி 100 டெஸிபெலைத் தாண்டிவிடும். 100 டெஸிபெல் 2 பாஸ்கல், மின்னழுத்தம் 12.6 மில்லிவோல்ட். இரு முழத்துப் பேச்சைப்போல் நூறு மடங்கு! பேச்சுக்கு வைத்த பெருக்கத்தை அப்படியே விட்டுவிட்டு மேளத்தைப் பதிவு செய்தால் விளைவு என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 110 டெஸிபெலுக்கு மேலே சென்றால் இத்தகைய சிறு மைக்குகள் பலவற்றின் டிரான்ஸிஸ்டரே திணறத் தொடங்கும். அங்கே பெருக்கத்தைக் குறைத்தும் பயனில்லை, தள்ளி நிற்பதே வழி.

தாமே கம்பியிணைத்துப் பார்க்க விரும்புவோர்க்கு இரண்டொரு குறிப்புகள். விவரத்தாளிலுள்ள உணர்திறன், குறிப்பிட்ட ஒரு மின்தடையோடு சேர்த்து அளந்தது. பெரும்பாலும் 2,200 ஓம். டிரான்ஸிஸ்டர் செய்வது மின்னோட்டத்தை ஏற்றி இறக்குவதே. அந்த ஓட்டம் மின்தடையைக் கடக்கும்போதுதான் மின்னழுத்தமாக நம் கைக்கு வருகிறது. ஆகையால் 1,000 ஓம் போட்டால் கிடைப்பது பாதிக்கும் குறைவு; 4,700 ஓம் போட்டால் ஏறக்குறைய இரு மடங்கு. அப்படியானால் இன்னும் பெரிய மின்தடையைப் போட்டுக்கொண்டே போகலாமே என்று தோன்றும். அங்கேதான் பாட்டரி குறுக்கே நிற்கிறது. 3 வோல்ட் பாட்டரியிலிருந்து 0.3 மில்லி ஆம்பியர் ஓடினால், 2,200 ஓம் விழுங்குவது 0.66 வோல்ட், மைக்குக்கு 2.34 வோல்ட் மிஞ்சும், நல்லது. 4,700 ஓம் விழுங்குவது 1.41 வோல்ட், மிஞ்சுவது 1.59 வோல்ட், எல்லையில் நிற்கிறது. 0.5 மில்லி ஆம்பியர் உண்ணும் மைக்காக இருந்துவிட்டால் 0.65 வோல்ட்தான் மிஞ்சும். குரல் நசுங்கிப் போகும். 9 வோல்ட் பாட்டரியானால் இத்தொல்லை இல்லை. அன்றியும், மைக்குக்குப் பின்னே இணைக்கும் பெட்டியின் உள்தடை 2,200 ஓம் அளவுக்குத் தாழ்ந்திருந்தால், வரும் மின்னழுத்தத்தில் பாதியை அது தின்றுவிடும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கணக்கைச் சோதித்துப் பார்க்க முற்படுவோர் மல்டிமீட்டரைத் தூக்குவார்கள். மலிவான மல்டிமீட்டர்கள் பலவற்றில் மாறுதிசை மின்னழுத்தத்துக்கு 200 வோல்ட் அளவே மிகக் கீழானது. ஒரு மில்லிவோல்ட்டை அது கண்டுகொள்ளவே செய்யாது. நேர்திசை அளவில் வைத்து மைக்கின் இரு புள்ளிகளுக்கிடையே பார்த்தால் மட்டும் பயன் உண்டு. பாட்டரியின் முழு வோல்ட்டும் காட்டினால் மைக்கில் ஓட்டமில்லை என்று பொருள். சுழி காட்டினால் எங்கோ கம்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட எண் காட்டினால் மைக் உயிரோடிருக்கிறது. குரலின் மில்லிவோல்ட்டை இப்படி அளக்க முடியாததால்தான் தாள் கணக்குக்கு இவ்வளவு மதிப்பு.

கணக்கு எவ்வளவு துல்லியம்? ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு மைக்குகள் கூட 3 டெஸிபெல் மேலோ கீழோ இருப்பதைத் தயாரிப்பாளர்களே அனுமதிக்கிறார்கள். அப்படியெனில் 6.3 மில்லிவோல்ட் என்பது நான்கரையாகவும் இருக்கலாம். ஒன்பதுக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கலாம். குரல்களும் ஆளுக்கு ஆள் வேறு. ஆகவே தசமப் புள்ளிகளை நீட்டிக்கொண்டு போவதில் பொருளில்லை. நமக்கு வேண்டியது ஒன்றா பத்தா என்னும் தெளிவு. அதை இக்கணக்கு தருகிறது. இன்னொரு கண்ணியையும் இங்கே சுட்ட வேண்டும். பழைய விவரத்தாள்கள் பாஸ்கலுக்குப் பதிலாக அதில் பத்தில் ஒரு பங்கான மைக்ரோபாரை அடிப்படையாகக் கொண்டு எழுதின. அதனால் அதே மைக் மைனஸ் 64 என்று காணப்படும். 35-க்கும் 46-க்கும் இடைப்பட்ட எண் என்றால் பாஸ்கல், 55-க்கும் 66-க்கும் இடைப்பட்டது என்றால் மைக்ரோபார் என்று கொண்டு, பின்னதில் 20-ஐக் குறைத்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

வானொலி நிலையத்தில் பேச அமர்பவரிடம், சிவப்பு விளக்கு எரியுமுன் சில வாக்கியங்களைப் பேசிக் காட்டச் சொல்வார்கள். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைச் சரிசெய்து, இனி நகர வேண்டாம் என்பார்கள். அங்கே நடப்பது இதே கணக்கு. வீட்டில் பாட்டியிடம் 'நகராதே' என்று சொல்வது எளிதன்று. சொன்னால் பாட்டு வராது. தலை திரும்பினாலும் உடன் திரும்பும் இடத்தில் மைக்கை வைப்பதே தந்திரம். காலர் மைக்கைக் கழுத்தெலும்புக்குக் கீழே குத்தினால், வாயிலிருந்து ஒரு சாண் தூரம். அரை மில்லிவோல்ட் கிடைக்கும். மோவாய் சற்று மறைப்பதால் அதில் கொஞ்சம் குறையும். மின்விசிறியை அந்த அரை மணி நேரத்துக்கு மட்டும் நிறுத்திவிட்டால் இதுவே தாராளம். மென்குரலில் பாடுபவரானால் மைனஸ் 38 மைக்கைத் தேர்ந்தெடுக்கலாம். எல்லா எண்களும் இரட்டிக்கும். குத்தும் இடம் மட்டும் பட்டுப் புடவையாக இருத்தலாகாது. பட்டின் சரசரப்பு வாயளவு வலியதன்று. ஆனால் அது மைக்குக்கு ஒரு விரற்கடைத் தூரத்திலே பிறக்கிறது. தோளில் ஒரு பழைய பருத்தித் துண்டைப் போட்டு, அதில் மைக்கைக் குத்தி, கம்பியை ஒரு சுற்றுச் சுற்றி அதே ஊசியில் செருகிவிட்டால், பாட்டி கையை ஆட்டிப் பாடினாலும் இழுப்பின் ஓசை மைக்கை எட்டாது.